ஏர் ரைஃபிளுக்கு உடம்புக்கேற்ற மரக்கட்டை செய்வது எப்படி

என் மகள் எங்கள் வீட்டு ஏர் ரைஃபிளைத் தூக்கி நிற்கும்போது இடுப்பில் குடம் வைத்தவள் மாதிரி முதுகைப் பின்னால் வளைத்து நிற்பாள். பதிமூன்று வயது, கை குட்டை, ஆனால் அந்தக் கட்டை ஆறடி ஆளுக்குச் செய்தது. குறி தவறும் ஒவ்வொரு முறையும் "எனக்கு வரலப்பா" என்று அவள் சொல்லும்போது, தப்பு அவளிடம் இல்லை, மரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் புதுக்கட்டை செய்ய உட்கார்ந்தேன். ஓசூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய துப்பாக்கி, கட்டையின் கழுத்தில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தது, செப்புக் கம்பி சுற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். மாற்றுவதென்றால் அவள் உடம்புக்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடையில் ஸ்டாக் என்பார்கள், எங்கள் பாலக்கோடு பக்கம் கட்டை என்றால் போதும். இரும்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்பைத் தொடுவது இந்த மரம்தான். தோள், கன்னம், இரண்டு கை, இந்த நான்கு இடத்திலும் மரம் சரியாக உட்கார்ந்தால் கண் தானாகக் குறிக்கு நேரே வந்து நிற்கும். பழைய லீ என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கிக்கே பின்கட்டையை நான்கு அளவில் செய்தார்கள், ஆளைப் பார்த்து அரை அங்குலம் கூட, அரை அங்குலம் குறைய, குட்டையான ஆளுக்கு ஒரு அங்குலம் குறைய என்று. லட்சக்கணக்கில் செய்து தள்ளிய இடத்திலேயே அளவு பார்த்திருக்கிறார்கள் என்றால், ஒன்றே ஒன்று செய்யும் நாம் பார்க்காமல் விடலாமா?

தொடங்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தாண்டிப் போய்ப் படிக்காதீர்கள். நான் சொல்வதெல்லாம் 4.5 மில்லிமீட்டர் குழல் உள்ள, 20 ஜூலுக்கு மேல் சக்தி போகாத ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு மட்டும். 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவைத் தாண்டினால் உரிமம் வேண்டும். அதனால் மரத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஸ்பிரிங்கை மாற்றிச் சக்தி ஏற்றும் வேலைக்குப் போகாதீர்கள், பொழுதுபோக்காகத் தொடங்கியது ஒரே நாளில் வழக்காகிவிடும். தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, அதற்கும் கட்டை போட வேண்டும் என்றால் அதை நீங்கள் கழற்றவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும், அது இருக்கும் கடையில் கொடுத்து வேலை வாங்குங்கள். அப்படிக் கொடுக்கும்போதும் கீழே நான் சொல்லும் அளவெடுக்கும் பகுதி உங்களுக்கு உதவும்.

வேட்டை என்ற பேச்சும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது காட்டுப்பன்றி, முயல், கௌதாரி என்று எதன் மேலும் குறி வைக்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். 2014இல் காவேரி வடக்கு சரணாலயம் வந்தது, 2022இல் காவேரி தெற்கு வந்தது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே சரணாலய எல்லை இருக்கும். அதற்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம், சுட வேண்டும் என்றுகூட இல்லை. காகித இலக்கு, பத்து மீட்டர், பின்னால் துணி திணித்த பெட்டி. இவ்வளவுதான் நமக்குத் தேவை, இதிலேயே ஒரு ஆயுள் முழுக்கப் பழகலாம்.

முதலில் ஆளை அளங்கள்

பலரும் மரம் வாங்க ஓடுவார்கள். வேண்டாம், முதலில் டேப் எடுங்கள்.

முக்கியமான அளவு, விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம். பழைய முறை ஒன்று இருக்கிறது: முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாக விழ வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம், விரல் தாண்டிப் போனால் குட்டை. இது தோராயம்தான், ஆனால் நல்ல தோராயம். எங்கள் பழைய கட்டை 36.5 சென்டிமீட்டர் இருந்தது. எனக்கே 34.5 போதும். மகளுக்கு அளந்தால் 30.5. ஆறு சென்டிமீட்டர் அதிகமான ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஒரு வருடம் போராடியிருக்கிறாள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது கன்னம் படும் இடத்தின் உயரம். இதை டேப்பால் அளக்க முடியாது. பழைய கட்டையின் மேல் பகுதியில் அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டேப் ஒட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தை வசதியாகச் சாய்த்துவிட்டு, அப்புறம் கண்ணைத் திறங்கள். குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலேயே வைத்திருக்கும் முன் குறியும் பின் குறியும் ஒரே கோட்டில் தெரிந்தால் அந்த உயரம் சரி. முன் குறி மேலே எகிறித் தெரிந்தால் கன்னம் உயரமாக இருக்கிறது, ஒரு அட்டையை எடுங்கள். பின் குறிக்குள் மூழ்கிக் கிடந்தால் தாழ்வு, ஒன்று சேருங்கள். ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, போடுவதாக இருந்தால் ஸ்கோப்பை மாட்டிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் கண் மேலே போகும், கன்னமும் மேலே போக வேண்டும். இரும்புக் குறிக்குச் செய்த கட்டையில் ஸ்கோப் மாட்டிவிட்டுத் தாடையைத் தொட்டும் தொடாமலும் வைத்துச் சுடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கழுத்து வலியைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

ஒரே நாளில் அளந்து முடிக்காதீர்கள். காலையில் ஒரு முறை, களைத்துப்போன சாயங்காலம் ஒரு முறை, தடித்த சட்டை போட்டு ஒரு முறை. மூன்றையும் எழுதி வைத்து நடுவில் உள்ளதை எடுங்கள்.

வளரும் பிள்ளைக்குச் செய்கிறீர்கள் என்றால் ஒரு வழி சொல்கிறேன். கட்டையை இன்றைய அளவுக்கே முடித்துவிட்டு, அதே மரத்தில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் மூன்று நான்கு தட்டுகள் அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்முனை ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே வருடத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். அதே மரம், அதே எண்ணெய் என்பதால் வேறுபாடு தெரியாது. திருகுகளை மட்டும் அதற்கேற்ப நீளமாக வாங்க வேண்டும்.

என்ன மரம்

உலகம் முழுக்கத் துப்பாக்கிக் கட்டைக்குப் பேர் போனது அக்ரூட் மரம். நம் ஊரில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. ஆனால் நம் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் நிற்கும் வாகை மரத்துக்கு வெளிநாட்டு மர வியாபாரத்தில் கிழக்கிந்திய அக்ரூட் என்றே ஒரு பெயர் உண்டு. வயிரம் நல்ல பழுப்பு நிறம், நடுவே கருங்கோடுகள், எண்ணெய் பட்டதும் அதன் அழகு வேறு. இளைத்த பிறகு அதிகம் கோணாது. ஒரே தொல்லை, அதன் தூள் மூக்கில் போனால் தும்மல் நிற்காது, முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடவே முடியாது. நான் வாகைதான் எடுத்தேன்.

தேக்கு நல்ல மரம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு சங்கடம் உண்டு. உளி முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும், அப்புறம் மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் பசை ஒட்டும் இடத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். புளிய வயிரம் இரும்பு மாதிரி, தர்மபுரியில் பஞ்சமில்லாமல் கிடைக்கும், ஆனால் கனம் அதிகம், பிள்ளைகள் தூக்க முடியாது. பலா எடுக்கலாம், முதலில் மஞ்சளாக இருந்து போகப் போகச் செம்பழுப்பாகும். ஈட்டி, சந்தனம் என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து காட்டினால் தொடாதீர்கள்.

மாமரம் வேண்டாம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் பழைய தோப்பை அழிக்கும்போது மாம்பலகை மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும். எனக்கும் வந்தது. முதல் கட்டையை மாமரத்தில்தான் செய்தேன், இருபது நாள் வேலை. நான்காம் மாதம் கழுத்துப் பக்கம் மாவு மாதிரி தூள் கொட்டியது, உள்ளே வண்டு. மாமரத்தில் பூச்சி சுலபமாக ஏறும், மருந்து ஏற்றிப் பதப்படுத்தாத பலகையை இதற்கு நம்ப முடியாது.

மரம் எதுவாக இருந்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஈரம். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்று ஆசாரிகள் சொல்வது சரியான கணக்கு. நமக்கு இரண்டேகால் அங்குலப் பலகை வேண்டும், அதனால் புதிதாக அறுத்த மரத்தை வாங்கிவிட்டு அடுத்த மாதம் வேலை தொடங்க முடியாது. பழைய வீட்டு உத்தரம், கதவு நிலை இடித்துப் போட்டது கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, ஐம்பது வருடம் காய்ந்திருக்கும். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததா என்று தெரியாவிட்டால் மளிகைக் கடைத் தராசில் வாரத்துக்கு ஒரு முறை எடை போட்டுப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள், நான்கைந்து வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அதுவரை இரண்டு முனையிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, வெயில் நேராகப் படாத பரணில் போட்டு வையுங்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் முனை வெடித்துவிடும்.

இரண்டாவது, ரேகை ஓட்டம். கட்டையில் மிக மெல்லிய இடம் கழுத்து, கை பிடிக்கும் இடம். அந்த இடத்தில் மர ரேகை கழுத்தின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு உயர்ந்த மரமானாலும் ஒரு நாள் அங்கேதான் விரியும், எங்கள் பழைய கட்டை விரிந்ததும் அதனால்தான். அட்டையில் கட்டையின் வடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மரவாடிக்குப் போங்கள், பலகை மேல் அட்டையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் வைத்துப் பாருங்கள். நான் அப்படி அரைமணி நேரம் வைத்து வைத்துப் பார்த்தபோது அங்கிருந்த ஆசாரி, "என்னண்ணா, தையக்காரன் மாதிரி துணிய திருப்புறீங்க" என்று கேட்டார். விஷயம் சொன்னதும் அவரே உள்ளே போய் வேறொரு பலகை கொண்டுவந்து, கழுத்து எங்கே வரும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். அதையே வாங்கினேன். 32 அங்குல நீளம், 7 அங்குல அகலம், இரண்டேகால் அங்குல கனம் இருந்தால் பெரும்பாலான ஏர் ரைஃபிளுக்குப் போதும், ஆனாலும் உங்கள் பழைய கட்டையை அளந்து இரண்டு அங்குலம் கூட்டி வாங்குங்கள்.

கழற்றுவது

முதலில் குழலை மடக்கி உள்ளே குண்டு இல்லை என்று பாருங்கள், ஸ்பிரிங் ஏற்றப்படாமல் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். மடக்கும் வகை ஏர் ரைஃபிளில் முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு, விசைக் காப்பு வளையத்தில் ஒன்றோ இரண்டோ திருகு, இவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். இவற்றைக் கழற்றினால் இரும்பு தனியாக மேலே வந்துவிடும். அதோடு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பது, சரியான பிடிப்பான் இல்லாமல் திறந்தால் முகத்தைப் பதம் பார்க்கும். கட்டை செய்ய அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கட்டை இல்லாமல் இரும்பை மட்டும் வைத்துக்கொண்டு குழலை மடக்கி ஏற்றிப் பார்ப்பதும் கூடாது, குழல் திடீரென்று மூடினால் விரல் போய்விடும்.

திருகுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து எந்த இடத்தது என்று எழுதிவிடுங்கள். நீளம் மாறி மாட்டினால் உள்ளே இடிக்கும்.

சதுரமாக இருக்கும்போதே உள்வேலை

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, முதலில் வெளிவடிவத்தை அழகாக வெட்டிவிட்டு அப்புறம் உள்ளே குடைவது. தலைகீழாகச் செய்யுங்கள். பலகை நான்கு பக்கமும் சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு போட்டு, மேல், கீழ், முன், பின் எல்லாப் பக்கமும் அந்தக் கோட்டைச் சுற்றி இழுத்துவிட்டு, குடையும் வேலையையும் திருகுத் துளைகளையும் முடியுங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்க்க நேரான பக்கம் இருக்கும், கிளாம்பில் பிடிக்கவும் வசதி. வளைத்து வெட்டிவிட்டால் இரண்டும் போய்விடும்.

திருகுத் துளைகளை நிற்கும் ட்ரில் மெஷினில் போடுங்கள், கையால் போட்டால் அரை மில்லிமீட்டராவது சாயும். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் பத்து நிமிட வேலை, பலகையோடு போய்க் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

குடைவதுதான் இந்த வேலையின் உயிர். வெர்னியரில் இரும்பு உருளையின் விட்டத்தை அளந்து, அதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக முதலில் ரூட்டராலோ உளியாலோ தோண்டுங்கள். அதற்கு மேல் மெஷின் வேண்டாம், கைதான். உருளையைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு குழாய்த் துண்டில் உப்புத்தாள் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் பள்ளம் உருண்டையாக வரும். அப்புறம் இரும்பை வைத்துப் பார்த்தால் உட்காராது. எங்கே இடிக்கிறது? கண்ணால் தெரியாது. இங்கேதான் கண்மை வேண்டும்.

விளக்கெண்ணெய் விளக்கேற்றி அதன் மேல் மண் ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரி சேர்த்து, ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்தால் பாட்டிமார் குழந்தைக்கு இடும் அதே மை. மேலைநாட்டில் கட்டை செய்கிறவர்களும் காலங்காலமாக விளக்குப் புகைக்கரியைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதை இரும்பின் அடியில் மெல்லிசாகத் தடவி, பள்ளத்தில் வைத்து, மேலே ரப்பர் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டி எடுங்கள். மரத்தில் எங்கெல்லாம் கறுப்பு பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் இடிக்கிறது. அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டுங்கள், பக்கத்தில் உள்ள வெள்ளையைத் தொடாதீர்கள். மறுபடியும் மை, மறுபடியும் வை, மறுபடியும் சுரண்டு. முதலில் மூன்று நான்கு புள்ளிதான் விழும், போகப் போகப் புள்ளிகள் கூடும், கடைசியில் பள்ளம் முழுக்கச் சீராகக் கறுப்பு விழும்போது இரும்பு மரத்துக்குள் சொத்தென்று உட்காரும் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் விட மனசு வராது. எனக்கு ஆறு சாயங்காலம் ஆனது, எத்தனை முறை வைத்து எடுத்தேன் என்ற கணக்கே இல்லை. அவசரப்பட்டு ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டிவிட்டால் எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது, அதனால் சாப்பிடப் போகும் முன், தூக்கம் வரும்போது, கோபமாக இருக்கும்போது உளியைத் தொடாதீர்கள்.

குழலை மடக்கும்போது கீழே ஒரு கம்பி பின்னால் ஓடும். அதற்குக் கட்டையின் அடியில் நீள வெட்டு வேண்டும், இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். உருளையைத்தான் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், ஓடுகிற கம்பியை மரம் தொடவே கூடாது.

வெளிவடிவம்

பேண்ட் சாவில் பக்கவாட்டு வடிவத்தை வெட்டுங்கள், கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் விட்டு. பிறகு மர அரம், இழைப்புளி, வளைந்த கத்தி. கழுத்தை ஒரே மூச்சில் மெலிதாக்காதீர்கள். தடிமனாக இருக்கும்போதே ஆளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் எடுங்கள், மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். மகளை அன்றைக்குப் பதினைந்து முறையாவது கொட்டகைக்குக் கூப்பிட்டிருப்பேன். கட்டைவிரல் சுற்றி வந்து நடுவிரலைத் தொடும்போது கை இறுகாமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. கன்ன உயரத்தையும் அட்டை வைத்து எடுத்த அளவைவிட இரண்டு மில்லிமீட்டர் கூட்டியே விட்டு, கண்மூடிச் சோதனையை இரும்பை மாட்டிச் செய்து பார்த்துக் குறையுங்கள்.

பின்முனைக்கு ரப்பர் பட்டை வேண்டும். செருப்புத் தைக்கும் பொருள் விற்கும் கடையில் எம்.சி.ஆர். ரப்பர் ஷீட் கிடைக்கும், தோளுக்கு மெத்தென்று இருக்கும், வழுக்காது. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, இரண்டு திருகில் மாட்டி, அதன் ஓரத்தை மரத்தோடு சேர்த்து உப்புத்தாளில் ஒன்றாகத் தேய்த்தால் ஒட்டுப்போட்டது மாதிரி தெரியாது.

திருகு நிற்க ஒரு குழாய்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் சுடும்போது பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு உதை, இரண்டு பக்கமும் ஆடும். இந்த ஆட்டத்தில்தான் திருகு தளரும். மரத்தின் மேலேயே திருகை இறுக்கினால் மரம் நசுங்கி நசுங்கிக் கொஞ்ச நாளில் மறுபடி தளரும். விசைப் பக்கத் திருகுத் துளையைப் பெரிதாக்கி, பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை அரால்டைட் மாதிரி எபாக்சி பசையில் பதித்துவிட்டால் திருகு குழாயில் நிற்கும், மரம் தப்பிக்கும். முன்பக்கத் திருகுகளுக்குக் கிண்ணம் மாதிரியான வாஷர் வைக்கலாம்.

குடைந்த பள்ளத்தில் சின்னச் சின்ன இடைவெளி இருந்தால் அதே எபாக்சியில் மரத்தூள் குழைத்து மெல்லிசாகப் பூசி இரும்பை அதன் மேல் அழுத்தி உட்கார வைக்கலாம். அதற்கு முன் இரும்பு முழுக்க, திருகு மரை உட்பட, மெழுகு ஷூ பாலிஷை இரண்டு முறை பூசிக்கொள்ளுங்கள். ஒரு இடம் விட்டுப்போனாலும் இரும்பும் மரமும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய்

உப்புத்தாள் 80இல் தொடங்கி 120, 180, 240, 320 என்று போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். 320 முடிந்ததும் ஈரத்துணியால் கட்டை முழுக்கத் துடைத்துக் காயவிட்டால் மர நார் மயிர் மாதிரி எழுந்து நிற்கும், அதை மறுபடி 320இல் தேய்த்து எடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் அதன் பிறகு மழையில் நனைந்தாலும் சொரசொரப்பாகாது.

வார்னிஷ் அடிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பளபளக்கும், ஆனால் கீறல் விழுந்தால் முழுசாகச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும், வியர்த்த கன்னம் ஒட்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும், பெயிண்ட் கடையில் கிடைக்கும். நான்கு சொட்டு உள்ளங்கையில் எடுத்து, சூடு ஏறும் வரை தேய்த்து, பத்து நிமிடத்தில் மேலே நிற்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். தினம் ஒன்றாக ஒரு வாரம், வாரம் ஒன்றாக ஒரு மாதம், மாதம் ஒன்றாக ஒரு வருடம், இதுதான் பழைய முறை. கனமாகப் பூசினால் காயாமல் பிசுபிசுப்பாக நிற்கும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். உள்பள்ளத்துக்கும் திருகுத் துளைக்கும் பூச மறந்துவிடாதீர்கள், ஈரம் முதலில் அந்த வழியாகத்தான் ஏறும்.

இதை மட்டும் மனதில் வையுங்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் காயும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம். மரத்தூள் நிறைந்த கொட்டகையில் அது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியே கொடியில் போட்டுக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

மாட்டி, சுட்டுப் பார்ப்பது

திருகுகளைச் சமமாக, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மரத்தை நெரிக்கும் அளவுக்கு வேண்டாம். முதல் இருபது குண்டுக்குப் பிறகு ஒரு முறை, அடுத்த ஐம்பதுக்குப் பிறகு ஒரு முறை திருகைப் பாருங்கள், புது மரம் உட்காரும்போது கொஞ்சம் தளர்வது இயல்பு. குண்டு போடாமல் வெறும் சுடு சுடக்கூடாது, உள்ளே பிஸ்டன் இடித்துக் கெட்டுவிடும்.

இலக்குக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்த மரப்பெட்டியில் பழைய துணியை நெருக்கித் திணித்தால் குண்டு திரும்பி வராது. கண்ணாடி எல்லோரும் போட வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்கிறவரும். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது, பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள். முடிந்ததும் துப்பாக்கி பூட்டிய அலமாரிக்குள், சாவி உங்களிடம்.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். முன்கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து அதன் மேல் கட்டை சும்மா கிடக்கட்டும், தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். கட்டை உடம்புக்குப் பொருந்தியிருந்தால்தான் இப்படிப் பிடிக்க முடியும். பொருந்தாத கட்டையை இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும், அந்த இழுப்பே குறியைக் கெடுக்கும்.

ஆயுத பூஜை அன்று உளி, அரம், இழைப்புளியோடு கட்டைக்கும் பொட்டு வைத்தோம். அடுத்த ஞாயிறு காலை மகள் முதல் முறை எடுத்தாள். முதுகு வளையவில்லை. கன்னத்தைச் சாய்த்தாள், ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே. பத்து மீட்டரில் ஐந்து குண்டு, நான்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் அளவில், ஒன்று மட்டும் வெளியே. அந்த ஒன்று ஏன் போனது என்று அவளே சொன்னாள், "விசையை இழுக்கும்போது மூச்சு விட்டுட்டேன்பா." தட்டுகள் மூன்றும் எண்ணெய் பூசி அலமாரியில் இருக்கின்றன, முதல் தட்டு வருகிற சித்திரையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், பிள்ளை வளர்கிற வேகத்தைப் பார்த்தால் அதற்கு முன்னாலேயேகூட.